கைக்காசும் கணக்குப் பணமும்

கொங்கு நாடு பன்னெடுங்காலமாக வாணிகம் வளர்த்த நாடு. நொய்யலாற்றை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் உரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. வெள்ளிக்கு எந்நாட்டிலும் மதிப்புண்டு. ஆதலின், அக்காசுகள் கடல் கடந்தும் மதிப்பிழந்தில. பணத்தாளோ அத்தகையதன்று. அரசு அளிக்கும் உறுதிமொழியாலேயே அது மதிப்புப் பெறுகிறது. அத்தாளும் இன்றி, வங்கிக் கணக்கில் பதியும் எண்ணே பணமாக வழங்குவது இக்காலத்து முறை.

2016ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்று நடுவண் அரசு அறிவித்தது. புழக்கத்திலிருந்த பணத்தாள்களின் மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு அவையே. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர் பலர், வாரக் கூலியைக் கையில் பெற்று வாழ்ந்தவர். கூலி கொடுக்கத் தாளின்றிச் சிறு முதலாளிகள் இடர்ப்பட்டனர். குருதியோட்டம் தடைப்படின், உறுப்புகள் நலமாயிருந்தும் உடல் சோர்வதன்றோ? அதுபோல், பொறியும் தொழில் அறிந்த கைகளும் இருந்தும் தொழில் தளர்ந்தது.

அவ்வாண்டிலேயே 'யு.பி.ஐ.' என்னும் முறை தொடங்கப்பெற்றது. இன்று கோவைத் தேநீர்க் கடைகளிலும் கைப்பேசி வழியே பணம் செலுத்துகின்றனர். இதனால் விளையும் நன்மைகள் சில. சில்லறைத் தட்டுப்பாடு இல்லை. கள்ளத்தாள் அச்சம் இல்லை. நாள்தோறும் வரும் வரவு கணக்கில் பதிவதால், சிறு வணிகர் அதனைச் சான்றாகக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாம். கந்துவட்டிக்காரரை நாடும் தேவை குறையும். அரசுக்கு உரிய வரியை மறைத்தலும் அரிதாகும்.

இனித் தீமைகளையும் எண்ணுதல் வேண்டும். கைப்பையைக் கவரும் கள்வன் பையிலுள்ள காசை மட்டுமே கொள்வான். மறைவெண்ணை அறிந்த வஞ்சகனோ கணக்கையே வெறுமையாக்குவான். கைப்பேசி இல்லாத முதியோரும் எழுத்தறியாதோரும், காசை ஏற்காத கடையில் வெறுங்கையராய் நிற்பர். மின்சாரமோ தொடர்போ அற்றபோது, பொருளுடையாரும் பொருளிலார் ஆவர். காசில்லா வாணிகத்தில் முன்னிற்கும் சுவீடன் நாடும், இடர்க்காலத்திற்கெனச் சிறிது காசு வைத்திருக்குமாறு 2024ஆம் ஆண்டில் தன் குடிகளுக்கு அறிவுறுத்தியது.

இந்திய மக்களும் காசைக் கைவிட்டாரில்லை. 2016 நவம்பரில் ஏறத்தாழ 18 இலட்சம் கோடி ரூபாயாக இருந்த பணப்புழக்கம், 2022 மார்ச் முடிவில் 31 இலட்சம் கோடியைக் கடந்தது. புதுமுறை வளர்க, எனினும், கைக்காசு கொடுத்துப் பொருள் பெறும் உரிமை எளியோர்க்கு என்றும் இருத்தல் வேண்டும்.

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். வெள்ளி தாளாயிற்று, தாள் எண்ணாயிற்று. வடிவம் எத்துணை மாறினும், கொடுப்பவரும் கொள்பவரும் கணக்கைக் காப்பவரும் நேர்மை தவறாதவரையிலேயே பணம் பணமாக நிலைபெறும்.