ஆட்டு நோய்க்கு ஆய்வுக் கட்டுரை தேடுவது எப்படி?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்மறி ஆடுகளைத் தாக்குவது நீலநாக்கு நோய். கடிக்கும் பொடிப் பூச்சிகள் இதைப் பரப்புகின்றன. மதுரைப் பக்கம் ஆட்டுக்கிடையே ஒரு குடும்பத்தின் முதலீடு. பத்து ஆடு செத்தால் அந்த ஆண்டு வருமானமே போய்விடும். இதுபற்றி கால்நடை மருத்துவர் கூகுளில் தேடினால் விளம்பரமும் வதந்தியும் கலந்தே வரும். அவருக்குத் தேவை ஆய்வுக் கட்டுரைகள். உங்கள் வீட்டில் கால்நடை மருத்துவரோ, அப்படிப்பில் சேர்ந்த மாணவரோ இருந்தால் இதைக் கற்றுக்கொடுங்கள்.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997 முதல் இலவசமாக வழங்கும் தளம் பப்மெட். மூன்றரைக் கோடிக்கும் அதிகமான கட்டுரைகளின் விவரங்கள் இதில் உள்ளன. கால்நடை மருத்துவமும் உண்டு.

1. தளத்தைத் திறந்து தேடல் கட்டத்தில் நோயின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். புளூடங் என்பதை இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

2. அடுத்து 'ஆண்ட்' போட்டு, செம்மறியைக் குறிக்கும் 'ஷீப்' என்ற சொல்லைச் சேருங்கள். இரண்டும் உள்ள கட்டுரைகள் மட்டும் வரும்.

3. நம் ஊர் ஆய்வுகள் வேண்டுமா? மீண்டும் 'ஆண்ட்' போட்டு, தமிழ்நாடு, மெட்ராஸ் ஆகிய இரு பெயர்களையும் நடுவில் 'ஆர்' இட்டு எழுதுங்கள். 1969-ல்தான் மாநிலத்தின் பெயர் மாறியது. சென்னையின் ஆங்கிலப் பெயர் மாறியது 1996-ல். ஒரு பெயரை மட்டும் கொடுத்தால் பழைய கட்டுரைகள் தப்பிவிடும்.

4. 'ஆர்' போட்ட பகுதியை அடைப்புக்குறிக்குள் இடுங்கள். பப்மெட் இடமிருந்து வலமாகவே கணக்கிடும். அடைப்புக்குறி இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத கட்டுரைகள் குவியும். 'ஆண்ட்', 'ஆர்' இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கட்டும்.

5. என்டர் தட்டியதும் இடப்பக்கம் 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' என்பதை டிக் செய்தால், முழுமையாக இலவசமாகப் படிக்கக்கூடியவை மட்டும் நிற்கும். இதை எடுத்துவிட்டால் மற்றவற்றின் சுருக்கத்தையாவது படிக்கலாம்.

பப்மெட்டில் எல்லா இந்திய இதழ்களும் கிடையாது. எனவே ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் அக்ரிஸ் தளத்திலும், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் இதழ்கள் தளத்திலும் அதே சொற்களைக் கொடுத்துப் பாருங்கள்.

ஆடு வளர்ப்போருக்கு ஒரு வார்த்தை: கட்டுரையைப் படித்து நீங்களே ஊசி போட வேண்டாம். பிரிண்ட் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்ப்புண்ணும் முகவீக்கமும் வேறு நோய்களிலும் வரும். எது என்று ஆட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.