தேயிலைத் தோட்டத்தில் மருத்துவ மாணவருக்குப் பாடம்: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். நாடு முழுவதும் இலவச வைத்தியம்தான். ஆனாலும் இவ்வளவு வித்தியாசம். இதற்கான காரணத்தை மாணவர்கள் வார்டில் காண முடியாது. திம்புள்ள மலைகளில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனால் காணலாம்.

1. முதலில் வரலாறு

1948 குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதன்பின்னும் நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கான தீர்வு 2003இல்தான் சட்டமானது. வைத்தியமும் வெகுகாலம் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்தது. இதைச் சொல்ல ஒரு வகுப்பு போதும்.

2. ஒரு தாயின் ஒரு நாள்

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. இரத்தச்சோகையுள்ள கர்ப்பிணி ஒருவர் கிளினிக்குக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். "ஒத்துழைப்பில்லை" என்று மாணவர் குறிப்பெழுதுவார். அந்தக் குறிப்பை ஏற்காதீர்கள். அந்தத் தாயின் நாளைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.

விடியுமுன் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஓட வேண்டும். நிர்ணயித்த கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேரே போய்விடலாம். இரும்புச்சத்து மாத்திரை கையில் இருக்கும். ஆனால் ரொட்டியோடு குடிக்கும் தேத்தண்ணி உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். இதை அவருக்கு யாராவது சொன்னார்களா? தென்மேற்குப் பருவமழையில் ஈரத்தில் நின்று பறித்தவர், புகை சூழ்ந்த ஒற்றைக் காம்பராவுக்குத் திரும்பி விறகடுப்பை மூட்டுகிறார்.

இத்தனையும் கேட்ட மாணவர் மறுபடி "ஒத்துழைப்பில்லை" என்று எழுத மாட்டார்.

இருவர் இருவராக, மருத்துவ மாதுவோடு, வீட்டாரின் சம்மதத்துடன் அனுப்புங்கள். பெருங்கூட்டமாக லயத்துக்குள் நுழைவதும் படமெடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

3. மொழி

சிங்களம் மட்டும் தெரிந்த மாணவருக்கு நோய் விசாரிக்குமளவு தமிழ் கற்றுக்கொடுங்கள். தாயின் அந்தரங்கத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்க விடக்கூடாது.

4. எழுதவிடுங்கள்

திரும்பி வந்ததும் ஒரு பக்கம்: போகுமுன் என்ன நினைத்தேன், எது மாறியது, நான் எப்படிப்பட்ட வைத்தியராக வேண்டும்? புள்ளி போடாதீர்கள், போட்டால் உங்களுக்குப் பிடித்ததை எழுதிவிடுவார்கள். படித்து, இரண்டு வரி பதில் எழுதுங்கள்.

இதைவிட வலிய பாடம் உங்கள் நடத்தை. தோட்டத்துப் பெண்ணை வார்டில் நீங்கள் ஒருமையில் விளித்தால், எந்த விரிவுரையாலும் அதைத் திருத்த முடியாது. மாணவர் உங்களைப் பார்த்தே வைத்தியராகிறார்.

5. கண்டதைக் கொண்டுபோய்ச் சேர்த்தல்

மைக்கேல் மார்மொட் தலைமையிலான உலக சுகாதார நிறுவன ஆணைக்குழு, பிறந்து வளர்ந்து வேலை செய்து முதுமையடையும் சூழலே ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கிறது என 2008இல் அறிக்கையிட்டது. அந்தச் சூழலில் மாணவர்கள் கண்டது நோட்டுப்புத்தகத்தோடு நின்றுவிடக்கூடாது. கிளினிக் நாளில் பேர் வெட்டக்கூடாது என்ற கோரிக்கையை, சுகாதார வைத்திய அதிகாரி முன்னிலையில் தோட்டத்துரையிடம் மாணவர்களே வைக்கட்டும்.

முதல் குழுவை அனுப்புமுன் அந்தப் பிரிவின் மருத்துவ மாதுவை நேரில் சந்தியுங்கள். எந்த நாள், எந்த லயம் என்பதை அவரே முடிவுசெய்யட்டும்.