யார் செய்த பாவம்?

வேதபகுதி: யோவான் 9:1–7



நமது பெண்கள் வார்டில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த ஒரு தாயார் என்னிடம், "ஐயா, பீடி சிகரெட்டை நான் தொட்டதே இல்லை. எங்க அப்பாவும் இப்படித்தான் இழுத்து இழுத்துச் செத்தாங்க. எங்க குடும்பம் என்ன பாவம் செஞ்சுது?" என்று கேட்டார்கள்.

சீஷர்களும் இதையே கேட்டார்கள். பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தது இவனா, பெற்றோரா என்றார்கள். இருவருமல்ல என்று ஆண்டவர் சொல்லிவிட்டு, உடனே சேறு உண்டாக்கி அவன் கண்களில் பூசினார்.

அந்தத் தாயாருக்கு வந்திருப்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். புகையிலை, விறகடுப்புப் புகை, தூசி ஆகியவை இதன் முக்கிய காரணங்கள். ஆனாலும் புகைக்குள் வாழ்கிற எல்லாருக்கும் இது வருவதில்லையே, ஏன்?

பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. 1963-ல் சுவீடன் தேசத்து மால்மோ நகரில் லாரெல், எரிக்சன் என்னும் இரு மருத்துவர்கள் இதற்கு ஒரு சான்றை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 1,500 இரத்த மாதிரிகளில் ஐந்தில் மட்டும் ஒரு புரதம் ஏறக்குறைய இல்லாதிருந்தது. அந்த ஐவரில் மூவருக்கு நுரையீரல் நோய் இருந்தது. ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற அந்தப் புரதம் கல்லீரலில் உண்டாகி நுரையீரலைக் காக்கிறது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்றவர்களுக்கு இந்தக் காவல் குறைவு. அவர்கள் புகைபிடித்தால் இளவயதிலேயே நுரையீரல் கெடும். இது அபூர்வமான குறைபாடு. மற்றவர்களில் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து ஆபத்தைக் கூட்டுகின்றன.

வைட்டமின் டி மாத்திரை உதவுமா என்று சிலர் கேட்கிறார்கள். பெல்ஜியம் தேசத்து லூவன் நகரில் 182 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. ஓராண்டு அதிக அளவில் கொடுத்தும் பொதுவாகப் பலனில்லை. இரத்தத்தில் அந்தச் சத்து மிகவும் குறைந்திருந்தவர்களுக்கு மட்டும் நோய் முற்றித் திணறும் தடவைகள் குறைந்தன. ஆகவே இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்னால் மட்டுமே சாப்பிடுங்கள். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகம் கெடும்.

பிரியமானவர்களே, பெற்றோர் நமக்குக் கொடுத்த மரபணு அவர்களும் அறியாமல் கொடுத்தது. அதைக் குற்றமென்று எண்ணி ஒருவரையும் வதைக்க வேண்டாம். புகையை விலக்குவதோ நம் கையில் இருக்கிறது. கண்ணில் சேறு பூசப்பட்டவனும் சீலோவாம் குளம்வரை தானே நடந்துபோய்க் கழுவ வேண்டியிருந்தது அல்லவா?

இந்த வேதபகுதியை வாசித்து முடித்ததும் அந்தத் தாயார் சற்று நேரம் அழுதார்கள். பிறகு, "அப்போ என் மகளை விறகடுப்பை விடச் சொல்லணும் ஐயா. அவளையும் ஒரு தடவை மூச்சுப் பரிசோதனைக்குக் கூட்டி வரணும்" என்றார்கள்.

சிந்திக்க: வியாதிப்பட்டவரைக் காணும்போது நாம் காரணம் தேடுகிறோமா, கை நீட்டுகிறோமா?

ஜெபிக்க: மூச்சுக்காகப் போராடும் நோயாளிகளுக்காகவும், அவர்களுக்கு இன்ஹேலரும் ஆக்சிஜனும் கிடைக்கக் காணிக்கை அனுப்பும் உங்கள் ஒவ்வொரு குடும்பத்துக்காகவும்.