கத்தாத மெஷின்

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் பேக்கிங் செக்‌ஷனில் நீடில் டிடெக்டர் தெரியாதவர் இருக்க மாட்டார். தையலில் உடைந்த ஊசிமுனை குழந்தை உடுப்பில் சிக்கிக் கப்பலேறிவிடக் கூடாது என்று, மடித்த பீஸ்களை அதன் பெல்ட்டில் விடுவோம். உள்ளே இரும்பு இருந்தால் கத்தும், பெல்ட் நிற்கும். வருஷக்கணக்காக அதன் பக்கத்திலேயே நிற்கிறேன். அது கத்தினால் எனக்குக் கவலையில்லை. நாள் முழுக்கக் கத்தாமல் ஓடினால்தான் சந்தேகம்.

சந்தேகத்தைத் தீர்ப்பது டெஸ்ட் கார்டு. 1.0 அல்லது 1.2 மி.மீ. இரும்புக் குண்டு பதித்த அட்டை அது. எந்த அளவு என்பதை பையர் சொல்லிவிடுவார். ஊசித்துண்டை வைத்தே சோதிக்கலாமே என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். ஊசி கிடக்கும் திசையைப் பொறுத்து சிக்னல் கூடும், குறையும். குண்டை எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். ஆனால் கார்டு பாஸாகிவிட்டால் எல்லா முனையும் மாட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம். பின்னலாடைக்கு நாம் போடும் 11-ஆம் நம்பர் ஊசியின் தடிமன் 0.75 மி.மீ.தான். ஊசி உடைந்து துண்டு கிடைக்காத பண்டிலை நான் ஒருமுறை நேராகவும், ஒருமுறை குறுக்கே திருப்பியும் விடுவேன்.

கார்டை 9 இடத்தில் வைக்க வேண்டும்: இடது, நடு, வலது, ஒவ்வொன்றிலும் அடி, நடு உயரம், மேல். பெல்ட்டின் மேல் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு ரெஜிஸ்டரில் ஒன்பது டிக் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலும் கீழும் சென்சார் உள்ள மெஷினில் நடு உயரம்தான் பலவீனமான இடம். கார்டை உயர்த்தி வைக்க ஃபோம் கட்டை போதும். ஆணி அடித்த மரக்கட்டை கூடாது.

காலையில் போட்டதும் சோதிக்காமல், கொஞ்ச நேரம் சூடாக விடுங்கள். பிறகு மணிக்கொருமுறை கார்டு. பதினோரு மணிக்கு மெஷின் கத்தாமல் கார்டு தப்பிவிட்டால், பத்து மணி சோதனைக்குப் பிறகு போன பீஸ் அத்தனையையும் திரும்ப விட வேண்டும். அதனால் அடுத்த சோதனை முடியும்வரை அந்த ஒரு மணி நேரச் சரக்கைப் பெட்டியில் போட்டு ஒட்ட விடுவதில்லை. ரெஜிஸ்டரைச் சாயந்திரம் ஒரே பேனாவில் மொத்தமாக எழுதும் கம்பெனியில் இதெல்லாம் நடக்காது என்பது வேறு விஷயம்.

இனி, காரணமில்லாமல் கத்துவது. ஷிப்மெண்ட் அவசரத்தில் பையன் ஒருவன் கேட்டான்: “அண்ணா, சென்சிட்டிவிட்டியக் கொஞ்சம் கொறைச்சு வெச்சரலாமுங்ளா?” வேண்டாம் என்றேன். பெல்ட்டைக் காலியாக ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் வரும்போது கத்தியது. பெல்ட்டில் ஒரு ஸ்டேப்ளர் பின் துணுக்கு குத்தியிருந்தது. இதைப் போலச் சீரான இடைவெளியில் கத்தினால் பெல்ட்டைப் பாருங்கள். கண்டபடி கத்தினால் சுற்றுமுற்றும் பாருங்கள்: இரும்புத் தள்ளுவண்டி, பக்கத்தில் அதிரும் மெஷின், ஏறி இறங்கும் வோல்ட்டேஜ், சேலையில் குத்திய பின்னூசி, கூந்தலில் ஹேர்பின். பெல்ட்டடியில் சேரும் பஞ்சைத் தினமும் துடைக்க வேண்டும். சென்சிட்டிவிட்டிச் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

ஜிப், பட்டன் ஆர்டர் போடும் முன் சாம்பிளை பெல்ட்டில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் இரும்பு கலந்திருந்தால் எல்லாப் பீஸுக்கும் மெஷின் கத்தும், எதையும் பிரிக்க முடியாது.

இந்த வேலையில் புதிதாகச் சேர்பவர்கள் முதல் நாளே மேனேஜரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கார்டு தப்பினால், கண்டெய்னர் வாசலில் நின்றாலும், பெல்ட்டை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா? பதிலை எழுத்தில் வாங்கி மெஷின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.