ஒற்றாடலும் தனிக்கண்ணும்: ‘மோர்தெல் ராந்தொனே’, ‘தெகிடி’ படங்களை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல், ஒற்றினை அரசனின் இரு கண்களுள் ஒன்றாகச் சுட்டித் தொடங்குகிறது (581). கிளோத் மில்லேர் இயக்கிய ‘மோர்தெல் ராந்தொனே’ (1983) என்னும் பிரெஞ்சுக் குற்றப்படத்தில் துப்பறிவாளரின் பட்டப்பெயரும் ‘கண்’ என்பதே. பி. ரமேஷ் இயக்கிய ‘தெகிடி’ (2014) என்னும் தமிழ்ப்படத்தின் நாயகனும் பிறரைக் கண்காணிப்பவனே. கண்காணிப்பவரின் பற்று தொழிலறத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உறவாகும் குற்றவாளி

மார்க் பெம் 1980இல் எழுதிய புதினத்தைத் தழுவியது பிரெஞ்சுப் படம். மிஷேல் செரோ ஏற்ற துப்பறிவாளர் தம் மகளை இழந்தவர். அவரிடம் எஞ்சியிருப்பது ஒரு வகுப்புப் புகைப்படம். அதில் தம் மகள் யாரென அவருக்கே தெரியவில்லை. அயலாரை அடையாளங்காண்பதே தொழிலாகக் கொண்டவர் தம் குழந்தையை அடையாளங்காண இயலாமை, படத்தின் இருண்ட நகைச்சுவைக்கு ஊற்றாகிறது. கொலைகள் புரியும் இளம்பெண்ணை மகளாகவே பாவித்து, அவளுடைய தடயங்களையும் அவர் மறைக்கிறார். வினைசெய்வார், சுற்றத்தார், பகைவர் என எவரையும் விலக்காது ஆராய்வதே ஒற்று (584) என்னும் இலக்கணம் இங்கு முறிகிறது.

உயிர்பறிக்கும் அறிக்கை

‘தெகிடி’யின் வெற்றி, குற்றவியல் பயின்று தனியார் துப்பறியும் நிறுவனத்தில் சேர்பவன். கண்காணிக்க வேண்டிய மதுஸ்ரீயிடமே அவன் காதல் கொள்கிறான். தான் பின்தொடர்ந்தோர் இறப்பதையும், தன் அறிக்கைகள் காப்பீட்டு மோசடிக்குப் பயன்படுவதையும் பின்னர் உணர்கிறான். பிரெஞ்சுப் படத்தில் பற்று உண்மையை மறைக்கிறது. தமிழ்ப்படத்திலோ பற்றற்ற அறிக்கை உயிரைப் பறிக்க, பற்றே அவனை உண்மையைத் தேடச் செய்கிறது. எனவே பற்றை மட்டும் குற்றமெனக் கொள்ளுதல் பொருந்தாது.

முடிவுரை

ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும் (588). ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தாலே தெளிய வேண்டும் (589) என்கிறார் வள்ளுவர். இரு படங்களிலும் இல்லாதது இந்த இரண்டாம் கண்ணே. பல மாநிலத்தவர் வேலை தேடி வந்து வாழும் ஓசூர் போன்ற எல்லைத் தொழில்நகரங்களில், பணிக்கும் மணத்திற்கும் முன் ஒருவரைப் பற்றி விசாரித்தல் இயல்பான செயல். அவ்விசாரணை யாரிடம் சேர்கிறது, அதனைச் சரிபார்ப்பவர் யார் என்னும் வினாக்கள் திரைக்கு வெளியிலும் எழ வேண்டியவை. ஒற்றாடல் அதிகாரத்தை அரசியல் நூலாக மட்டுமன்றிக் கண்காணிப்பின் அறநூலாகவும் வாசிக்க இவ்விரு படங்களும் இடந்தருகின்றன.