அந்தப் பறவை அப்படித்தான் பறக்குமா?

கேள்வி: 'ஆங்ரி பேர்ட்ஸ்' விளையாட்டில் பறவை பறப்பது நிஜமான இயற்பியல்தானா? – ஒரு வாசகர், தாமல்.

பதில்: பெரும்பகுதி நிஜம்தான். பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2009-ல் வெளியிட்ட அந்த விளையாட்டு, எரின் கேட்டோ எழுதிய 'பாக்ஸ்2டி' என்ற இயற்பியல் மென்பொருளைக் கொண்டு இயங்குகிறது. உண்டிவில்லை விட்டுக் கிளம்பிய பறவையின் கிடைமட்ட வேகம் மாறுவதில்லை. கீழ்நோக்கிய வேகம் மட்டும் சீராகக் கூடுகிறது. கலிலியோ கண்ட அதே பரவளையப் பாதை!

காற்றுத்தடைதான் இல்லை. தாமல் ஏரிக்கரையில் ஒரு காகித உருண்டையை வீசிப் பாருங்கள். ஏறிய சாய்வைவிடச் செங்குத்தாக இறங்கும்.

மஞ்சள் பறவை செய்வதோ அப்பட்டமான விதிமீறல். திரையைத் தொட்டதும் நடுவானில் வேகம் பிடிக்கிறது. எதையாவது பின்னுக்குத் தள்ளாமல் அது நடக்காது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்கூட வாயுவைப் பின்னால் கக்கித்தான் முன்னேறுகிறது. நீலப் பறவை மூன்றாகப் பிரிந்தும் ஒவ்வொன்றும் பழைய அளவிலேயே இருக்கிறதே, அதுவும் விதிமீறல்தான்.

அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரெட் அலைன் 2010-ல் ஒரு கணக்குப் போட்டார்: விளையாட்டிலுள்ள ஈர்ப்பு பூமியுடையது என்றால், அந்த உண்டிவில்லின் உயரம் ஏறக்குறைய 5 மீட்டர்! மிக அழகான கணக்கு. எறிபொருள் இயக்கம் நடத்தும் நம் ஆசிரியர்கள் இதை அவசியம் வகுப்பில் செய்துபார்க்க வேண்டும்.