விற்ற காரும் விடாத வருத்தமும்: ஒரு வட்டிக் கணக்கு

கடை அடைத்த பிறகு நாலு வியாபாரிகள் கூடினால் பேச்சு எங்கெங்கோ போகும். நிலத்தில் தொடங்கி, தங்கத்தில் நின்று, கடைசியில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்த பழைய காரில் போய் முடியும். "எங்க அப்பா அந்த ஹெரால்டைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார், இன்றைக்கு இருந்தால் கதையே வேறு" என்பார் ஒருவர். "சமஸ்தானத்துக் கார் ஒன்று கைக்கெட்டும் விலையில் வந்தது, எங்கள் பெரியவர் வேண்டாம் என்று விட்டார்" என்பார் இன்னொருவர். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஒருவர்கூடப் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

வத்தல், மல்லி மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக இருப்பவன் நான். சரக்கை இருப்பு வைப்பதும், வைத்ததை எப்போது தள்ளுவது என்று பார்ப்பதும்தான் என் தொழில். அந்தக் கண்ணோடு இந்தக் கார் வருத்தத்தைப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உலகத்திலேயே அதிகம் வருத்தப்பட வைத்த காரிலிருந்து தொடங்குவோம்.

இத்தாலி நாட்டு ஃபெராரி கம்பெனி 1962 முதல் 1964 வரை '250 ஜிடிஓ' என்ற பந்தயக் காரைச் செய்தது. மொத்தம் 36 கார்கள்தான். பந்தய விதிப்படி 100 கார்கள் செய்திருக்க வேண்டும். பழைய மாடலின் தொடர்ச்சிதான் இது என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் புதுக்கார் விலை சுமார் 18,000 டாலர். பணம் இருந்தால் மட்டும் போதாது, முதலாளி என்சோ ஃபெராரி சம்மதித்தால்தான் கார் கிடைக்கும். அவ்வளவு கெடுபிடி.

ஆனால் பந்தயக் காரின் மவுசு இரண்டு மூன்று வருடம்தான். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் புது வகைக் கார்கள் வந்ததும், முன்னால் எஞ்சின் வைத்த இந்தக் கார் பந்தயத்துக்கு ஆகாது என்று ஆகிவிட்டது. நம் பாஷையில் சொன்னால் சீசன் முடிந்த சரக்கு. விலை சரிந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் விக்டோரியா என்ற ஊரில், ஒரு செல்வந்தர் தம்மிடம் இருந்த ஜிடிஓவை உள்ளூர் உயர்நிலைப் பள்ளிக்கு இனாமாகவே கொடுத்துவிட்டார், பையன்கள் மெக்கானிக் வேலை பழகட்டும் என்று. பள்ளிக்கூடம் அதை 1972-ல் 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் அதை டிரெய்லர் வண்டியில் ஏற்றி, திறந்த வெளியில் பதினைந்து வருடம் போலப் போட்டு வைத்திருந்தார். மழையும் வெயிலும் அதன் மேலேயே.

இனி உச்சுக் கொட்டும் இடம். அந்த 36 கார்களில் வேறொன்று 2018-ல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. 6,500 எங்கே, 4 கோடியே 84 லட்சம் எங்கே! பள்ளிக்கூடத்தாருக்கு வயிறு எரியாதா?

பொறுங்கள். 1972-க்கும் 2018-க்கும் நடுவில் 46 வருடம். இரண்டும் வேறு வேறு கார் என்றாலும் கணக்குக்காக ஒன்றாகவே எடுத்துக்கொள்வோம். 6,500 டாலர் 46 வருடத்தில் இந்தத் தொகையாக வேண்டுமானால், வருடாவருடம் வட்டியை முதலில் சேர்த்துக்கொண்டே போனால், வருடத்துக்கு நூற்றுக்கு 21 சொச்சம் வருகிறது. கடைவீதிக் கணக்கில் மாதம் ஒன்றேமுக்கால் வட்டி, அதற்குச் சற்று மேலே. அதே 6,500-ஐ ஒன்றரை வட்டிக்கு விட்டு, வருடாவருடம் வட்டியையும் முதலோடு சேர்த்திருந்தால் 1 கோடியே 30 லட்சம் டாலர் ஆகியிருக்கும். இரண்டு வட்டிக்கு விட்டிருந்தால் 12 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு விலைக்குப் போன காரே நம் இரண்டு வட்டிக்குத் தோற்றுப் போகிறது!

அப்படியானால் வட்டிக்கு விட்டவனெல்லாம் கோடீஸ்வரனா என்று கேட்பீர்கள். இல்லை. 46 வருடம் ஒரு தவணை தவறாமல், ஒரு கை மாறாமல், ஒரு வாராக்கடன் விழாமல் எவனுக்கு வட்டி வந்தது? வராது. காரும் அதே மாதிரிதான். 46 வருடம் ஒரே கையில், தீப்பிடிக்காமல், திருடு போகாமல், வீட்டில் ஒரு கல்யாணச் செலவுக்கோ வைத்தியச் செலவுக்கோ விற்காமல் வைத்திருந்தவன் எத்தனை பேர்? வருத்தப்படுகிறவர்கள் இந்த நடு 46 வருடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஆரம்ப விலையும் கடைசி விலையும் மட்டுமே அவர்கள் சிட்டையில் இருக்கிறது.

அந்த நடு வருடங்களும் ஏறுமுகமாகவே இருந்துவிடவில்லை. 1988 ஆகஸ்டில் என்சோ ஃபெராரி காலமானார். அந்தச் சமயத்தில் பழைய கார்கள் மேல் ஒரு வெறி கிளம்பியிருந்தது. ஜப்பான் பணம் வேறு உள்ளே வந்தது. ஜிடிஓ ஒன்று ஒரு கோடி டாலரைத் தாண்டிக் கைமாறியது. பிறகு சந்தை உடைந்தது. நாலைந்து வருடத்தில் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. உச்சியில் வாங்கி, கடன்காரன் நெருக்கி, பள்ளத்தில் விற்றவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்கள் கதையைத் திண்ணையில் யாரும் சொல்வதில்லை. வத்தல் விலை ஏறிய வருடத்தை ஊரே பேசும், இறங்கிய வருடத்தில் குளிர்பதனக் கிடங்கில் மூட்டையை விட்டுவிட்டு வந்தவனைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

வாங்கத் தவறியவர்களின் வருத்தத்துக்கு இன்னொரு கார். 1968-ல் வந்த 'புல்லிட்' என்ற அமெரிக்கப் படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை ஓட்டுவார். சான்ஃபிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்களில் அந்தத் துரத்தல் காட்சி இன்றைக்கும் பேசப்படுகிறது. படம் முடிந்ததும் காரை விற்றுவிட்டார்கள். அது கைமாறி, 1974-ல் பத்திரிகை விளம்பரம் மூலம் 6,000 டாலருக்கு ஒரு குடும்பத்திடம் வந்தது. அந்த வீட்டம்மா பள்ளி ஆசிரியை. வேலைக்குப் போக வர அந்தக் காரைத்தான் ஓட்டினார். 1977 டிசம்பரில் மெக்வீனே அவர்களுக்குக் கடிதம் எழுதினார்: காரை எனக்குத் திருப்பிக் கொடுங்கள், பதிலுக்கு அதே போல வேறு மஸ்டாங் தேடித் தருகிறேன், பணம் ரொம்ப ஆகுமென்றால் மட்டும் விட்டுவிடலாம் என்று. இவர்கள் கொடுக்கவில்லை. மூன்று வருடத்தில், 1980-ல், மெக்வீன் காலமாகிவிட்டார். அந்த வருட வாக்கில் கிளட்ச் போய்க் காரும் கொட்டகைக்குள் போய்விட்டது.

2020 ஜனவரியில் அது ஏலத்தில் விற்றது. கமிஷனோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். கமிஷன் கழித்தால் ஏல விலை 34 லட்சம். (இந்த இடத்தைக் கவனியுங்கள். பத்திரிகையில் வருவது வாங்கினவன் கொடுத்த தொகை, விற்றவன் பையில் விழுந்தது அல்ல. மண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.) பெரிய தொகையையே எடுத்துக்கொண்டாலும் இதுவும் 46 வருடக் கணக்குத்தான். போட்டுப் பார்த்தால் வருடம் நூற்றுக்கு 15, அதாவது மாதம் ஒன்றேகால் வட்டி. 1974-ல் 6,000 டாலர் எண்ணிக் கொடுத்தவர் ஏலத்தைப் பார்க்க உயிரோடு இல்லை. மகன்தான் விற்றார்.

அந்தக் காருக்கு ஏன் அந்த விலை? அதே வருடத்து மஸ்டாங் அமெரிக்காவில் எத்தனையோ உண்டு, அவை இந்த விலையின் பக்கத்தில்கூட வராது. இதற்கு விலை கொடுத்தது காகிதம். படக் கம்பெனியிலிருந்து கைமாறிய ஆவணங்கள், மெக்வீன் கையெழுத்திட்ட கடிதம், எண்கள் ஒத்துப்போன சட்டம். சொல்லப்போனால் அந்தக் குடும்பம் பாதுகாத்தது ஒரு காரையும் ஒரு ஃபைலையும். ஃபைல் இல்லாவிட்டால் அது துருப்பிடித்த பச்சைக் கார்.

நம் நாட்டுக் கதை கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே பெருந்தலைகளின் கார்கள் சமஸ்தானங்களில் இருந்தன. 1971-ல் மன்னர் மானியம் ஒழிந்தது. டிரைவர், மெக்கானிக், பெட்ரோல் எல்லாம் சொந்தச் செலவு என்றானதும் ரோல்ஸ் ராய்ஸ்கள் பல வந்த விலைக்குப் போயின. அதற்கு முன்பே வெளிநாட்டு வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போகவும் தொடங்கியிருந்தார்கள். அதனால்தான் 1950 ஜனவரி 1-க்கு முன் செய்யப்பட்ட கார்களையும் அவற்றின் பாகங்களையும் ஏற்றுமதி செய்வதற்கு நம் அரசு கட்டுப்பாடு வைத்தது. அந்த நாளில் சமஸ்தானக் காரை வேண்டாம் என்ற பெரியவரைக் குறை சொல்கிறவர்கள், அந்தக் காருக்கு ஒரு டயர் வேண்டுமென்றால் எந்த நாட்டுக்கு எழுதிப் போட வேண்டியிருந்தது என்பதையும், இறக்குமதி லைசென்சு என்பது என்ன பாடு என்பதையும் நினைத்துப் பார்ப்பது நல்லது.

நடுத்தர வியாபாரி வீட்டில் இருந்தவை அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. மூன்றும் ஒன்றல்ல. அம்பாசடர் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை, உருவம் பெரிதாக மாறாமல் வந்த வண்டி. ஊரெங்கும் கிடந்தது. அரிது என்று சொல்லி விலை கேட்க முடியாது. மிக நல்ல நிலையில் இருக்கிற மிகப் பழைய மாடலுக்குத்தான் மதிப்பு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் சென்னையில் 1961 முதல் பத்து வருடம் போலச் செய்யப்பட்டது. நாலு கதவு வைத்த ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் செய்யப்படவில்லை, இந்தியாவில் மட்டும்தான். கம்பெனி மூடியபின் சாமான் கிடைக்காமல் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்விட்டன. போனதால்தான் மிஞ்சியவற்றுக்கு மதிப்பு. எல்லோரும் வைத்திருந்தால் ஒருவருக்கும் மதிப்பில்லை. வருத்தப்படுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தந்தையைக் குறை சொல்லும் பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான். 1985-ல் 40,000 ரூபாய்க்கு விற்ற கார், 2025-ல் 8 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். இருபது மடங்கு! ஆனால் நாற்பது வருடத்தில் இருபது மடங்கு என்பது வருடம் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. நூற்றுக்குப் பத்து கிடைத்திருந்தால் 18 லட்சம் ஆகியிருக்கும். அந்த நாற்பதில் பல வருடம் பாங்கு டெபாசிட்டுக்கே பத்தும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். இதில் கார் நின்ற கொட்டகைக்கு வாடகை கழிக்கவில்லை. பேட்டரி, டயர், வரி, இன்சூரன்ஸ், பெயிண்ட் எதையும் கழிக்கவில்லை. நிற்கிற கார் ஓடுகிற காரைவிடச் சீக்கிரம் கெடும். பெட்ரோல் டாங்கியில் துரு ஏறும், ரப்பர் எல்லாம் வெடிக்கும், வயரை எலி கடிக்கும்.

அந்த 40,000 எங்கே போனது என்பதையும் கேட்க வேண்டும். பல வீடுகளில் அது கடைக்குக் கூடுதல் சரக்காக வந்தது. வருடத்துக்கு ஆறு தடவை சுழன்றது. அந்தச் சுழற்சியில் பிள்ளைகள் படித்தார்கள், பெண் கல்யாணம் நடந்தது. அதில் படித்து ஆளானவர்தான் இன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து "அப்பா விற்றுவிட்டாரே" என்கிறார். அந்தத் தந்தை பேரேட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்துத்தான் விற்றார் என்பது என் அபிப்பிராயம். காரின் மேல் பாசம் வேறு. விற்ற அன்று அவர் சாப்பிடாமல் படுத்திருக்கலாம். அதற்குப் பேரேட்டில் பத்தி கிடையாது.

இன்னும் சில அன்பர்களின் குடோன்களில் சாக்கு மூட்டைக்குப் பின்னால் பழைய கார்கள் நிற்கின்றன. தரகர்கள் தேடி வருகிறார்கள் என்றும் கேள்வி. அவர்களுக்குச் சில விவரங்கள். முதலில் காகிதங்களை ஒன்று சேருங்கள்: ஆர்.சி. புத்தகம், முதல் பில், பழைய வரி ரசீது, ஒர்க்‌ஷாப் பில்கள், அந்தக் காரோடு எடுத்த கல்யாண போட்டோ உட்பட. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் மிச்சம் பிடிக்க வேண்டிப் பெட்ரோல் அம்பாசடர்களில் டீசல் எஞ்சினை இறக்கிவிட்டார்கள். அப்படி மாற்றியிருந்தால் சேகரிப்பவரிடம் மதிப்பு பாதிதான். தரகர் வரப்போகிறார் என்று அவசரமாகப் புது பெயிண்ட் அடிக்காதீர்கள். பழைய பெயிண்டுக்குத்தான் மதிப்பு, புது பெயிண்டு சந்தேகத்தைக் கிளப்பும்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வாடகைக்கு ஓடுகிற வண்டியாகவும் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய் என்றும் மறுபதிவுக்கு 5,000 என்றும் வைத்தார்கள். பதிவு எண்ணில் மாநில எழுத்துக்கு அடுத்து 'விஏ' என்று வரும், பதிவு பத்து வருடம் செல்லும். ஆனால் இப்படிப் பதிந்த காரில் தினம் கடைக்குப் போய் வர முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் செய்ய என்று மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஆகவே ஓட்டிக்கொண்டிருக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பதிவுக்குப் போகும் முன் யோசித்துக்கொள்ளவும். விற்க நினைப்பவர்களுக்குத் தடையில்லை. விற்றவரும் வாங்கியவரும் 90 நாட்களுக்குள் அவரவர் மாநிலப் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அத்தாட்சி நகல் ஒன்றை வாங்கி உங்கள் ஃபைலில் வைத்துக்கொண்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.